வாவிக்கரைத் துறவி

காரைதீவில் 1892ஆம் ஆண்டு தோன்றிய மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்த அடிகளாய் விளங்கினார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றும், அவர் சைவநெறியில் தளர்ந்தாரல்லர். மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்மனோர்க்கு இஃது ஊக்கந் தருவதாகும்.

சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து, 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். துறந்தவர் மலைக்குகை நாடினாரல்லர். வாவிக்கரைக்கே மீண்டு, 1929இல் கல்லடி உப்போடையில் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஊர்ச் சிறுவரின் கல்வியே அவரது தவமாயிற்று. 1947இல் மறைந்த அவரின் சமாதியும் அவ்வளவிலேயே உளது.

போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் புண்படுத்திய நெஞ்சங்கள் நம்மிடையே இன்னும் பல. அவர்களைத் தியானத்திற்கும் யோகத்திற்கும் அழைக்கும் நாம், கண்மூடி இருப்பதோடு அமையாது, அருகிருந்து அவர்தம் துயர் கேட்பதையும் வழிபாடெனக் கொள்வோமாக.