பினாங்கின் சில்லுத் தொழிலுக்குக் கதவு திறந்த மருத்துவர்

தாசேக் கெலுகோரில் எஸ்பிஎம் எழுதும் மாணவருக்கு இன்று சுற்றுவட்டாரம் எங்கும் மின்னணுத் தொழிற்சாலைகள் உள்ளன. தெற்கே பிறை, பத்து காவான். கெடா எல்லையைத் தாண்டினால் கூலிம். பாலத்தைக் கடந்தால் பாயான் லெப்பாஸ். ஆனால் 1969-இல் இந்த இடங்களில் ஒரு சில்லுகூடத் தயாராகவில்லை. அந்த நிலையை மாற்ற அடிகோலியவர் பொறியியலாளர் அல்லர்; ஒரு மருத்துவர். அவர்தான் பினாங்கின் இரண்டாவது முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூ.

1919 மே 28-ஆம் தேதி பினாங்கில் பிறந்த அவர், பினாங்கு ஃபிரீ பள்ளியில் கல்வி கற்றார். படிப்பில் சிறந்து விளங்கி, அக்காலத்தில் மிகச் சிலருக்கே கிடைத்த அரசியார் உபகாரச் சம்பளத்தைப் பெற்றார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1944-இல் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் சீனாவில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பிறகு தாயகம் திரும்பினார்.

மருத்துவத் தொழிலோடு அரசியலும் அவரை ஈர்த்தது. 1958-இல் மசீச கட்சியின் தலைவராகத் தேர்வு பெற்றார். ஆனால் 1959 பொதுத்தேர்தலுக்கான தொகுதிப் பங்கீட்டில் துங்கு அப்துல் ரஹ்மானோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் பதவி விலகினார். அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1962-இல் ஐக்கிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1968-இல் கெராக்கான் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். தொழிற்சங்கவாதி வி. டேவிட் போன்ற தமிழர்களும் அக்கட்சியின் தொடக்கத்தில் உடனிருந்தனர். 1969 மே மாதத் தேர்தலில் பினாங்கு சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16-ஐக் கெராக்கான் வென்றது. டாக்டர் லிம் முதலமைச்சரானார்.

அவர் கைக்கு வந்த மாநிலம் நோயாளியைப் போல் தளர்ந்து கிடந்தது. 1786 முதல் தீர்வையற்ற துறைமுகமாக விளங்கிய ஜார்ஜ்டவுன் அந்தத் தகுதியை இழந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் வாணிபம் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. படித்த இளைஞர்களும் வேலையின்றித் திரிந்தார்கள். செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களின் நிலை இன்னும் மோசம். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. அதனால் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்பை இழந்து தமிழகம் திரும்பினார்கள்.

துறைமுகத்தை மட்டும் நம்பினால் பினாங்கு பிழைக்காது என்பதை டாக்டர் லிம் உணர்ந்தார். 1969-இன் இறுதியில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. சேட் சிங் அதன் முதல் பொது நிர்வாகியானார். வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளை வரவழைப்பதே அவர்களின் திட்டம். விமான நிலையத்துக்கு அருகில் இருந்த பாயான் லெப்பாஸ் நிலம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. 1972-இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் அங்கே பிறந்தது.

நிலமும் வரிச்சலுகையும் இருந்தால் மட்டும் நிறுவனங்கள் வந்துவிடாது. டாக்டர் லிம் தாமே வெளிநாடுகளுக்குச் சென்று நிறுவனத் தலைவர்களைச் சந்தித்தார். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளேரியோன், போஷ் ஆகிய எட்டும் முதலில் வந்தவை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை பினாங்கில்தான் அமைந்தது. 1975-இல் அது தீக்கிரையானபோதும் நிறுவனம் மூட்டை கட்டவில்லை. மீண்டும் கட்டி எழுப்பியது.

அந்நாளில் இங்கு என்ன வேலை நடந்தது? சில்லுகளைச் சுமந்த சிலிக்கான் தகடுகள் வெளிநாட்டில் தயாராகி விமானத்தில் வந்தன. அவற்றைத் துண்டுகளாக வெட்டி, சட்டத்தில் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைத்து, உறையிட்டுச் சோதித்து அனுப்புவதே இங்குள்ள பணி. நுண்பெருக்கியை நோக்கியபடி அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம் பெண்கள். பல குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் வந்தது அவர்களால்தான்.

இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. சம்பளம் குறைவு, ஷிப்ட் வேலையும் கண் வலியும் வாடிக்கை. மின்னணுத் தொழிலாளர்கள் நாடளாவிய தொழிற்சங்கம் அமைக்க நீண்ட காலம் அனுமதி கிடைக்கவில்லை. 1985-இல் உலகச் சந்தை சரிந்தபோது பலர் வேலை இழந்தார்கள். வெறும் உழைப்பை விற்கும் ஊரை விட்டு நிறுவனங்கள் எளிதாக வேறிடம் போய்விடலாம். திறமை உள்ள ஊரை விடுவது அவ்வளவு எளிதல்ல.

அந்தப் பாடத்தின் விளைவாக 1989-இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. அரசும் கல்வியாளர்களும் மட்டுமன்றி, தங்களுக்குள் போட்டியிடும் நிறுவனங்களும் சேர்ந்து இயந்திரங்களையும் பயிற்றுநர்களையும் அதற்குத் தந்தன. அதற்கு முன்பே, 1985-இல், 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டிருந்தது. பெருநிலத்து இளைஞர்கள் படகை மட்டும் நம்பி வேலைக்குப் போகும் காலம் அதோடு முடிந்தது.

ஆனால் 1990 தேர்தலில் பாடாங் கோத்தா தொகுதியில் லிம் கிட் சியாங்கிடம் டாக்டர் லிம் தோற்றார். 21 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர் அமைதியாக அரசியலிலிருந்து விலகினார். 2010 நவம்பர் 24-ஆம் தேதி, 91 வயதில் காலமானார். ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தொடங்கிய பயணம் முடியவில்லை. உலகச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் பணியில் சுமார் 13 விழுக்காடு இன்று மலேசியாவில் நடக்கிறது. கூலிமில் சிலிக்கான் தகட்டிலேயே சில்லை உருவாக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம், 60,000 பொறியியலாளர்களை உருவாக்க இலக்கு வைத்துள்ளது.

அந்த 60,000 பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே நம் முன் உள்ள கேள்வி. பட்டம் ஒன்றுதான் வழி என்பதில்லை. இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பர், சோதனைப் பிரிவு ஊழியர், தரக் கட்டுப்பாட்டாளர் எனப் பல நிலைகள் உள்ளன. கெப்பாலா பத்தாஸ் தொழிற்பயிற்சிக் கழகம், புக்கிட் மின்யாக்கில் உள்ள ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகம், பெர்மாத்தாங் பாவ் செபராங் பிறை போலிடெக்னிக் ஆகியவை தாசேக் கெலுகோருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பொறியியல் பட்டம் பெற விரும்புவோருக்கு நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் உண்டு.

மாணவர்களே, கணிதத்தையும் இயற்பியலையும் கடினம் என்று படிவம் நான்கிலேயே கைவிட்டுவிடாதீர்கள். டாக்டர் லிம் தொழிற்சாலைகளை இங்கே வரவழைத்தார். அங்கே கூலிக்கு ஆளாகச் சேர்வதா, திறமையாளராக நுழைவதா என்பதை இப்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடங்கள்தாம் பெருமளவில் தீர்மானிக்கும்.