ஒற்றை மூலக்கூறுக் கவசம் தந்த இர்விங் லாங்மியூர்

ஐப்பசி மழைக்கு முன் எங்கள் வீட்டு மண்வெட்டிக்குப் பெயிண்ட் அடித்தேன். கனமாகப் பூசினால் நெடுநாள் நிற்கும் என்பது என் எண்ணம். துருவைச் சுரண்டாமலே இரண்டு முறை பூசினேன். கார்த்திகைக்குள் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் நீர் தங்கி, முன்னிலும் அதிகமாகத் துருவேறிற்று. அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. துருவைத் தேய்த்தெடுத்து, பழையபடி எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார். அதன்மேல் தெளித்த நீர் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. இத்தனை மெல்லிய எண்ணெய்க்கு இவ்வளவு வல்லமையா? விடை தேடியபோதுதான் லாங்மியூரின் வாழ்க்கை எனக்கு அறிமுகமாயிற்று.

அமெரிக்காவின் புரூக்ளினில் 1881 ஜனவரி 31ஆம் நாள் பிறந்தார் லாங்மியூர். கொலம்பியாவில் உலோகவியல் பயின்று, ஜெர்மனியில் நெர்ன்ஸ்டிடம் ஆய்வு செய்து 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியர் பணி. 1909 கோடையில் ஸ்கெனெக்டடி நகரின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றவர், 1950 வரை அங்கேயே நிலைத்துவிட்டார். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை ஆராய்கையில், ஓரணுக் கனமுள்ள வாயுப் படலமும் உலோகப் பரப்பின் இயல்பை மாற்றிவிடுவதைக் கண்டார்.

பின்னர் அவர் பார்வை எண்ணெய்ப் படலத்தின்மீது திரும்பியது. ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, கல்லூரி வாசலை மிதிக்காமலே, வீட்டுத் தகரத் தொட்டியில் வகுத்து 1891இல் வெளியிட்ட முறையை அவர் செம்மைப்படுத்தினார். 1917இல் அவர் வெளியிட்ட உண்மை இதுதான்: கொழுப்பமில மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், நீண்ட வால் நீரை வெறுக்கும். உலோகத்தின்மீது அமரும்போது தலை உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. வால் வெளிப்புறம் நீட்டி நீரை விலக்குகிறது. ஸ்டியரிக் அமிலப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நான்கு லட்சத்தில் ஒரு பங்கே! மேற்பரப்பு வேதியியல் ஆய்வுகளுக்காக 1932இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அவருடன் பணியாற்றிய கேதரின் பிளாட்ஜெட் அம்மையார், இப்படலங்களைத் திடப்பொருள்மீது அடுக்கடுக்காக ஏற்றும் முறையை 1935இல் வெளியிட்டார். ஆனால் அவை விரலால் துடைத்தாலே அழிந்தன. அப்பா மீண்டும் மீண்டும் எண்ணெய் தடவுவதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. நீரை விலக்குவது வாலின் வேலை. நிலைத்து நிற்பதோ தலையின் பிடிப்பைப் பொறுத்தது. இன்று சிலேன், பாஸ்போனிக் அமிலச் சேர்மங்கள் உலோக ஆக்சைடுடன் வேதிப்பிணைப்பே கொண்டு நெடுநாள் நிற்கின்றன. அவற்றுக்கும் முதல் நிபந்தனை, பரப்பு தூய்மையாயிருக்க வேண்டும் என்பதே.

1957 ஆகஸ்ட் 16ஆம் நாள் லாங்மியூர் மறைந்தார். அவர் எனக்குக் கற்பித்தது பூச்சைப் பற்றி மட்டுமன்று. தேர்வுக்கு முதல்நாள் கனமாகப் பூசிக்கொள்ளும் கல்வியும் முதல் மழையிலேயே உரிந்துவிடும் அல்லவா, நண்பர்களே? சிறிது கற்றாலும் அது நம்மைப் பற்றி நிற்கட்டும்!