சுப்ரேன் வீதியும் நீர்மூழ்கிக் கப்பலும்



உறுவையாற்றிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது, அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கும் சுப்ரேன் வீதியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரியவர் பியர் ஆந்திரே தெ சுப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. இன்று அதே பெயரில் பிரான்ஸ் நாட்டின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றும் இயங்குகிறது. 2019-இல் ஷெர்பூர் துறைமுகத்தில் அறிமுகமான அது 2022-இல் முழுச் சேவைக்கு வந்தது.

சுப்ரேன் 1729-இல் தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் பிறந்தார். 1782 பிப்ரவரியில் தலைமைத் தளபதி இறந்துவிட, கப்பற்படைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசம். பழுது பார்க்க இந்தக் கரையில் அவருக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூட இல்லை. மொரிசியசுக்குத்தான் போக வேண்டும். அவரோ திரும்பிப் போக மறுத்தார். சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்கு மாட்டிப் போரைத் தொடர்ந்தார்.

ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூசோடு சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் உள்பட ஐந்து முறை மோதினார். 1782 ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைப் பிடித்தார். அதற்கு முந்தைய மாதம் கடலூரில் ஐதர் அலி அவரை நேரில் சந்தித்து மரியாதை செய்தார்.

ஐந்தாவது போர் நமக்கு அருகில்தான் நடந்தது. 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்தது. ஆள் பற்றாக்குறையால் கரையிலிருந்த வீரர்களில் சுமார் 1,200 பேரைச் சுப்ரேன் கப்பலேற்றினார். ஜூன் 20-இல் 15 கப்பல்களுடன் ஹியூசின் 18 கப்பல்களை எதிர்த்தார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் தப்பியது. சில நாட்களில் சமாதானச் செய்தி வந்தது. அந்த உடன்படிக்கையால் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் போனது.

ஆனாலும் அவர் வாழ்வில் ஒரு கறை உண்டு. உணவளிக்க வழியில்லாமல், பிடிபட்ட ஆங்கிலக் கைதிகளை ஐதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களில் பலர் சிறையில் துன்பப்பட்டனர். இதற்காக அவரைக் குறை கூறியோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

1788-இல் பாரிசில் காலமானார். கப்பலுக்குப் பெயர் வைப்பவர்கள் வெற்றியை மட்டும் நினைப்பார்கள். அந்த வீதியில் நடக்கும் நாம், அவரது துணிச்சலோடு அந்தக் கைதிகளையும் சேர்த்தே நினைப்போம். உங்கள் பிள்ளைகளுக்கும் இரண்டையும் சொல்லுங்கள்.