கால்டுவெல் மாளிகையில் ஓர் அன்னை

எங்கள் செரண்டா பக்கத்துத் தோட்டங்களில் கான்வெண்ட் என்றால் வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கும் பள்ளி என்றுதான் பேச்சு. ஆனால், அந்தப் பள்ளிகளுக்கு இம்மண்ணில் அடித்தளமிட்ட அன்னை மத்தில்ட் ராக்லோவின் வாழ்க்கை வேறொரு செய்தியைச் சொல்கிறது.

1814இல் பிரான்சில் பிறந்த அவர், இளம் வயதிலேயே குழந்தை இயேசு சபையில் சேர்ந்தார். மலாயாவுக்கு முதலில் புறப்பட்ட குழுவின் தலைவி கடற்பயணத்திலேயே இறந்துவிட, அந்தப் பொறுப்பை ஏற்று 1852இல் பினாங்கு வந்து சேர்ந்தார்.

1854 பிப்ரவரியில் மூன்று சகோதரிகளுடன் சிங்கப்பூர் சென்றார். அங்கே பாதிரியார் பெரல் 1852இல் வாங்கி வைத்திருந்த கால்டுவெல் மாளிகை காத்திருந்தது. இவர் நம் ஒப்பிலக்கண அறிஞர் கால்டுவெல் அல்லர். நீதிமன்ற எழுத்தராக இருந்த வேறொருவர். அவருக்காகக் கட்டடக் கலைஞர் கோல்மன் 1840-41இல் கட்டிய வீடு அது.

வந்த பத்தே நாளில் அன்னை இரண்டு வகுப்புகளைத் தொடங்கினார். ஒன்று கட்டணம் செலுத்துவோருக்கு; மற்றொன்று அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும். பெண் குழந்தை வேண்டாம் என்றும் வறுமையாலும் பெற்றோர் கைவிட்ட சிசுக்கள் கான்வெண்ட் வாசலில் கிடந்தன. வசதியான மாணவிகளின் கட்டணமும் சகோதரிகளின் தையல் வேலை வருமானமும் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாயின. இருசாராரும் ஒரே வகுப்பில் அமரவில்லை என்பது இன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும், வாசலில் கிடந்த குழந்தைக்கும் அந்த மாளிகையில் இடம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது.

1872இல், தமது 58ஆம் வயதில், அன்னை ஜப்பானுக்குப் புறப்பட்டார். அப்போது அங்கே கிறிஸ்துவ மதத்திற்குத் தடை நீங்கியிருக்கவில்லை. யோக்கஹாமாவில் பணியைத் தொடங்கி, 1911இல் அங்கேயே மறைந்தார். இதற்கிடையே 1899இல் கோலாலம்பூரிலும் அவருடைய சபையின் பள்ளி எழுந்தது. அதுவே புக்கிட் நானாஸ் கான்வெண்ட்.

சிங்கப்பூர்ப் பள்ளி 1983இல் தோ பாயோவுக்கு இடம் மாறியது. 1990இல் தேசியச் சின்னமான கால்டுவெல் மாளிகையைச் சுற்றி இன்று உணவகங்கள் இருக்கின்றன. கட்டியவர் பெயரும் குடியிருந்தவர் பெயரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிகின்றன. வாசலில் கிடந்த பிள்ளையை உள்ளே தூக்கிச் சென்றவர் பெயரும் தெரிய வேண்டாமா?

நண்பர்களே, பட்டம் பெற்று வெளியேறும் நம் பின்னால் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள். நாம் பெற்ற கல்வியின் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியது என்பதே அன்னையின் வாழ்வில் நான் கண்ட பாடம்.