மாண்டிசோரி அம்மையாரும் பத்து உருளைகளும்
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

மாண்டிசோரி என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது எல்.கே.ஜி. வகுப்பும் டை கட்டிய குழந்தைகளும்தான். ஆனால் நண்பர்களே, அந்த அம்மையாரும் நம்மைப் போல டெக்னிக்கல் படிப்பில் தொடங்கியவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர். சிறு வயதிலேயே குடும்பம் ரோமுக்கு வந்துவிட்டது. 1883-இல் பையன்கள் படிக்கும் டெக்னிக்கல் பள்ளியில் சேர்ந்தார். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது ஆசை. படித்த பெண்ணுக்கு அன்று இருந்தது டீச்சர் வேலைதான். பெற்றோரும் அதைத்தான் சொன்னார்கள். அது மட்டும் வேண்டாம் என்று இவர் ஒரே பிடியாக நின்றார். பிறகு மனம் மாறி மருத்துவத்துக்குப் போனார். அப்பாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்றதால், எல்லோரும் போன பிறகு அந்த அறையில் தனியாக நின்று படித்தார். 1896-இல் டாக்டர் ஆனார். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். முதல் ஆளாகப் போகிறவருக்கு வழி கேட்க ஆள் கிடையாது என்பது தெரியும். ஆனால் ராத்திரியில் பிணத்தோடு தனியாக என்றால்... நினைத்தாலே நடுங்குகிறது!

டாக்டர் ஆனதும் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அங்கே மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. சாப்பாடு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் தூளை அந்தக் குழந்தைகள் பொறுக்கும். இதெல்லாம் பசிப் புத்தி என்று வேலைக்காரி ஏளனமாகச் சொன்னாளாம். அம்மையார் வேறு மாதிரி பார்த்தார். பசி கையில்தான் இருக்கிறது, தொட்டுப் பார்க்க, பிடித்துப் பார்க்க அதுகளுக்கு ஒன்றுமே இல்லை என்று புரிந்துகொண்டார்.

இதாரும் செகெனும் பிரெஞ்சு டாக்டர்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக அவர்கள் எழுதிய புத்தகங்களைக் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எடுத்துக்கொண்டார். செகென் பலகை என்று ஒன்று உண்டு. வட்டம், நட்சத்திரம், சதுரம் என்று பலகையில் குழிகள், அதே வடிவத்தில் கட்டைகள். அதது அததன் குழியில்தான் உட்காரும். இதைப் போன்ற சாதனங்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதிப் பாஸ் செய்தார்கள். ஊரே பாராட்டியது. இவருக்கோ வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே பாஸ் செய்கிறார்கள் என்றால், நல்ல பிள்ளைகளை நம் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

இனிதான் நம்ம சப்ஜெக்ட். சாதாரண ஜிக்ஸா பஸிலில் துண்டெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். அம்மையார் படத்தையே எடுத்துவிட்டார். நீளமான ஒரு மரக்கட்டை, அதில் பத்துக் குழி, பத்து உருளை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் குமிழ். குழந்தை மூன்று விரலால் குமிழைப் பிடித்துத் தூக்குகிறது. பின்னால் பென்சில் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்தான்!

இப்படி நாலு கட்டை. ஒன்றில் உயரம் மாறாது, குறுக்களவு மட்டும் மாறும். இன்னொன்றில் உயரம் மட்டும். மற்ற இரண்டில் இரண்டுமே மாறும். ஒரு நேரத்தில் எது மாறுகிறது என்பதை அளந்து கொடுத்திருக்கிறார். குறுக்களவுக் கட்டையில் பெரிய உருளை சின்னக் குழிக்குள் போகாது. சின்னது பெரிய குழிக்குள் போய்விடும், ஆனால் லொடலொடவென்று ஆடும். அப்படியே விட்டாலும் கடைசியில் ஒரு பெரிய உருளை இடமில்லாமல் மிஞ்சும். எங்கேயோ தப்பு என்று கட்டையே சொல்லிவிடும். உயரக் கட்டை இன்னும் சூட்சுமம். எல்லாம் எல்லாக் குழியிலும் போகும், ஆனால் ஒன்று முங்கும், ஒன்று துருத்தும். கண்ணும் விரலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபிட்டிங் ஷாப்பில் பிளக் கேஜ் விட்டுப் பார்க்கிறோமே, போனால் சரி, போகாவிட்டால் அரம் எடு என்று, அதே சங்கதி. சின்ன வயதில் படித்த டெக்னிக்கல் படிப்பு இங்கே கை கொடுத்தது என்பது என் எண்ணம்.

1907 ஜனவரி 6-ந் தேதி ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறந்தார். அங்கே ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை உருளைகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது. மற்றவர்களைப் பாடச் சொன்னார்கள், நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். அசரவில்லையே! 40 தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் நிறுத்தியது.

எளிதாக்கிக் கொடுத்தால் பிள்ளை யோசிக்காது, ஒரே வழியில் பூட்டிவிடுகிறீர்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914-இல் புத்தகமே எழுதினார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் இங்கே எளிதானது விடை அல்ல, தப்பைத் தானே கண்டுபிடிப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. கட்டையே தப்பைக் காட்டும்போது டீச்சர் தலையில் குட்ட வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் மக்கு என்று கேட்க வேண்டியதும் இல்லை. அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்த முறைக்குத்தான் இன்று பல ஊர்களில் பணக்கார ஃபீஸ் கேட்கிறார்கள்!

ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை செய்தவருக்குத் தன் பிள்ளையை வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1898-இல் கல்யாணமாகாமல் பிறந்த மகன் மரியோ கிராமத்தில் வேறு குடும்பத்தில் வளர்ந்தான். பதினைந்து வயது வாக்கில்தான் தாயிடம் வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகும் வெளியே மகன் என்று சொல்ல முடியாத நிலை. இதை யார் எப்படி எடை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முசோலினியோடு ஒத்துப் போகாமல் 1934-இல் இத்தாலியை விட்டார். 1939-இல் தியாசபிகல் சொசைட்டி அழைத்து, நம்ம சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-இல் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் வெள்ளைக்கார சர்க்கார் மரியோவைக் காவலில் வைத்தது. அம்மாவுக்கும் கட்டுப்பாடு. அந்த ஆகஸ்டில் அவருடைய 70-வது பிறந்தநாளையொட்டி மகனை விடுதலை செய்தார்கள். பிறகு கொடைக்கானலில் இருவருமாகக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். இன்று மாண்டிசோரி வகுப்புகளில் உலக வரைபடமும் குமிழ் வைத்த பஸில்தான். கண்டத்தைத் தூக்கி, அதன் குழியில் வைக்க வேண்டும்.

1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் நூர்ட்விக் என்ற கடலோர ஊரில் இறந்தார். வயது 81. ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி நடத்தலாமா என்று அன்றைக்கும் மரியோவோடு பேசிக்கொண்டிருந்தாராம்.