பந்தயக் கார் கட்டிய கோவைக் கரிவரதன்

ஒரு காலத்தில் அணைக்கட்டுப் பக்கத்தில் சந்தைக்குப் போகிறவர்கள் இரண்டு விதமான மாட்டு வண்டிகளில் போனார்கள். ஒன்று கட்டை வண்டி. மற்றொன்று வில் வண்டி.

கட்டை வண்டியில் அச்சின் மேலே பாரம் நேராக உட்கார்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டியில் இருப்பவரின் எலும்பு வரை அதிரும். வில் வண்டி அப்படி அல்ல. அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே இரும்பு வில் இருக்கும். அடியை அது வாங்கிக்கொள்ளும்.

இரும்பு வில் வருவதற்கு முன்பு, ஐரோப்பாவில் குதிரை வண்டிகளின் பெட்டியைக் கனத்த தோல் வார்களில் தொங்கவிட்டார்கள். ஆம்பூரிலும் வேலூரிலும் தோல் பதனிடும் மக்களுக்கு அந்த வாரின் வலிமை நன்றாகப் புரியும்.

மோட்டார் கார் வந்த பிறகும் வில் போகவில்லை. பட்டை வில்லாகவும் சுருள் வில்லாகவும் சக்கரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. காரின் வேகம் கூடக் கூட, அந்த வில் எப்படி இருக்க வேண்டும் என்பது உயிருக்கே உரிய கேள்வி ஆகிவிடுகிறது.

சாலைக் காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்த காலத்தில் வளர்ந்து, பந்தயத்துக்கென்றே தனியாகக் கார் கட்டிக் காட்டியவர் ஒரு தமிழர். அவர்தான் கரிவரதன்.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் 1954-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி பிறந்தார். கோவையில் பெயர் பெற்ற லட்சுமி மில் குடும்பம் அவருடையது. செல்வத்துக்குக் குறைவு இல்லை. மில்லைப் பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் காரிலும் வேகத்திலும் போயிற்று.

கோவை நகரம் பட்டறைகளுக்குப் பேர் போனது. லேத்தும் வார்ப்படமும் தெருவுக்குத் தெரு உண்டு. இரும்பை நினைத்தபடி வளைத்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய. கார் கட்ட ஆசைப்பட்டவருக்கு அதைவிட நல்ல ஊர் வேறு கிடையாது.

சோழவரம்

அந்த நாளில் தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே உள்ள ஊர் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் அங்கே வெறுமனே கிடந்தது. 1953-ம் ஆண்டு தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. அதைப் பார்க்க மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து கார் கொண்டு வருவதற்கு அப்போது கட்டுப்பாடு அதிகம். ஆகவே பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலைக் கார்களையே பலர் பந்தயத்துக்கு மாற்றினார்கள். என்ஜினுக்கு வலுவேற்றினால் மட்டும் போதாது. வில்லையும் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல்.

மெத்தென்றா, விறைப்பாகவா?

சாலைக் காரின் வில் மெத்தென்று இருக்கும். குடும்பத்தோடு போகிறவருக்கு அது சுகம். ஆனால் வேகமாக வளைவில் திருப்பினால் கார் ஒரு பக்கமாகச் சாயும். பிரேக் போட்டால் மூக்கு தரையை நோக்கிக் குனியும்.

ஆகவே விறைப்பான வில் வேண்டும் என்று தோன்றும். வழவழப்பான தடத்தில் அது சரி. மேடு பள்ளம் உள்ள இடத்திலோ, விறைப்பான வில் சக்கரத்தைத் துள்ள வைக்கும். சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால் டயருக்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பு இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை.

ஷாக் அப்சார்பரின் வேலை வேறு. அமுங்கிய வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள எண்ணெய் சிறு துளை வழியே மெதுவாகப் போய், அந்த ஆட்டத்தை அடக்குகிறது. வில் விறைப்பாகி, ஷாக் அப்சார்பர் பழையதாகவே இருந்தால் கார் அடங்காது.

சிலர் காரைத் தாழ்த்துவதற்காகச் சுருள் வில்லை அறுத்துவிடுவார்கள். அறுத்த வில் முன்னைவிட விறைப்பாகும். அமுங்குவதற்கு இடமும் குறையும். சிறு பள்ளத்திலும் கார் அடிபடும். வில்லும் ஷாக் அப்சார்பரும் டயரும் ஒன்றுக்கு ஒன்று பொருந்த வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடவேண்டும்.

சாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார் என்றால், இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். சரியாகச் செய்யப் பணமும் நல்ல மெக்கானிக்கும் தேவை. திறமை இருந்தும் பணம் இல்லாத இளைஞன் என்ன செய்வான்?

எல்லோருக்கும் ஒரே என்ஜின்

அந்த இளைஞனுக்கு வழி திறந்தவர் கரிவரதன். தாமும் சோழவரத்தில் கார் ஓட்டியவர் அவர். 1983-ம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர் கொண்ட சின்ன என்ஜின். விலை மலிவு. உதிரி பாகம் எங்கும் கிடைத்தது.

அந்த என்ஜினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் காரைக் கரிவரதன் கட்டினார். சக்கரங்கள் நான்கும் உடலுக்கு வெளியே நிற்கும். கூரை கிடையாது. தரையை ஒட்டி ஓடும். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர்.

சாலைக் காரை வெட்டி ஒட்டிச் செய்தது அல்ல அது. பந்தயம் ஒன்றுக்காகவே பிறந்தது. அதனால் சாலைக்காக வில்லை மெத்தென்று வைக்க வேண்டியது இல்லை. எல்லோருக்கும் ஒரே வகை என்ஜின் என்பதால், பணப்பையைவிட ஓட்டும் திறமை முன்னால் வந்தது.

1990-ம் ஆண்டு சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தது. பார்முலா மாருதி கார்கள் அங்கே சீறிப் பாய்ந்தன. கோவையிலிருந்து வந்த நாராயண் கார்த்திகேயன் என்ற பையன், 15 வயதில் அந்தக் காரில்தான் தன் முதல் பந்தயத்தை ஓட்டினான்.

பாதியில் நின்ற பயணம்

காரோடு நிற்காமல் வானத்தையும் விரும்பியவர் கரிவரதன். அந்த விருப்பமே அவருக்கு எமனாயிற்று. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, பறந்தபோது நேர்ந்த விபத்தில் அவர் மாண்டார். 41-வது பிறந்த நாள் முடிந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன.

அவர் போட்ட விதை பத்து ஆண்டுகளில் பலன் கொடுத்தது. 2005-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நாராயண் கார்த்திகேயன் பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டினார். உலகின் தலைசிறந்த அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவரே. அதைக் காணக் கரிவரதன் இல்லை.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ம் ஆண்டு ஒரு பந்தயத் தடம் திறக்கப்பட்டது. கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பையன்களும் பெண்களும் அங்கே வந்து முதல் முறையாகத் தலைக்கவசம் மாட்டி, வில்லையும் டயரையும் சரிபார்த்து, வண்டியைத் தடத்தில் இறக்குகிறார்கள்.