அரசகுமாரி கேட்ட கேள்வி

பொழுது நன்றாக ஏறும் வரை படுக்கையை விட்டு எழாத மேதை ஒருவர் இருந்தார். அவர்தான் ரெனே டெக்கார்ட்.

பிரான்சு நாட்டில் 1596-ம் ஆண்டு பிறந்தார். மறு ஆண்டே தாயை இழந்தார். நோஞ்சான் பிள்ளை. ஆகவே பள்ளிக்கூடத்தில் அவருக்கு மட்டும் ஒரு சலுகை கிடைத்தது. மற்ற மாணவர்கள் அதிகாலையில் எழ வேண்டும். அவர் படுத்திருக்கலாம்!

அந்தப் பழக்கம் பெரியவரான பிறகும் போகவில்லை. படுத்தபடியே சிந்திப்பார். மாணவர்கள் கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்து கணக்குச் செய்கிறார்களே, அதற்கு வழிகாட்டியவர் அவரே.

கசாப்புக் கடையில்

1628-ல் ஹாலந்தில் குடியேறினார். அங்கே அடிக்கடி கசாப்புக் கடைக்குப் போவார். ஆடு மாடுகளின் உறுப்புகளை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்வார். சமைக்க அல்ல, அறுத்துப் பார்க்க!

உடம்பு ஓர் எந்திரம் என்று முடிவு செய்தார். இதயம் துடிப்பது, உணவு செரிப்பது, நெருப்புப் பட்டதும் கால் விலகுவது, எல்லாமே கடிகாரச் சக்கரம் போல நடக்கின்றன என்றார்.

மனதை மட்டும் அதில் சேர்க்கவில்லை. எதைச் சந்தேகித்தாலும், சந்தேகிக்கும் மனம் ஒன்று இருப்பதைச் சந்தேகிக்க முடியாதே! அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. அது வேறு பொருள் என்றார்.

கடிதம் வந்தது

1643-ல் எலிசபெத் என்ற அரசகுமாரி அவருக்குக் கடிதம் எழுதினாள். அவளுக்கு வயது 24. நாட்டை இழந்து, ஹாலந்தில் தஞ்சம் புகுந்த குடும்பத்துப் பெண்.

ஒரு பொருளைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும். உருவமே இல்லாத மனம் உடம்பை எப்படி அசைக்கும்? உடம்பு கெட்டால் தெளிந்த மனமும் ஏன் குழம்புகிறது? இப்படிக் கேட்டாள்.

மேதை திணறிப் போனார்! மனமும் உடம்பும் சேர்ந்திருப்பதை யோசித்து அறிய முடியாது, அன்றாட வாழ்க்கையில்தான் உணரலாம் என்று பதில் எழுதினார். மூளையின் நடுவே உள்ள சின்னஞ்சிறு சுரப்பியில்தான் இரண்டும் சந்திக்கின்றன என்று 1649-ல் ஒரு நூலும் வெளியிட்டார். அது தவறு. அந்தச் சுரப்பிக்குத் தூக்கத்தோடுதான் தொடர்பு.

மூளை வேலை செய்வதை இன்று கருவியில் படமாகவே பார்க்கலாம். அந்த வேலை நமக்கு வலியாகவும் துக்கமாகவும் தெரிவது எப்படி? எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்னும் இல்லை.

அதே 1649-ல் சுவீடன் ராணி கிறிஸ்டினா அவரை அழைத்தாள். பாடம் விடியற்காலை 5 மணிக்கு! கடுங்குளிரில் நிமோனியா கண்டது. 1650 பிப்ரவரி 11-ந் தேதி இறந்தார். வயது 53.

எலிசபெத் தன் கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். 1879-ல்தான் அவை அச்சேறின.